புகழ் மேடையில் மார்மன் இளைஞர்கள்

பிள்ளைக்கு நல்ல குரல் வாய்த்திருக்கிறது. அக்குரலை வீடு கேட்டு மகிழ்கிறது. வழிபாட்டுக் கூடம் கேட்டு மகிழ்கிறது. ஒருநாள், உலகமும் கேட்கட்டும் என்று தொலைக்காட்சி அழைக்கிறது. பெற்றோர் என்ன செய்வர்? மதுவையும் புகையையும் விலக்கி, மணத்திற்கு முன் ஆண்பெண் உறவைத் தடுத்து, வாரத்தில் ஒருநாளை வழிபாட்டுக்கென்றே ஒதுக்கி வாழும் ஒரு சமூகத்தைச் சேர்ந்த பெற்றோராக அவர்கள் இருந்துவிட்டால், இக்கேள்வி இன்னும் கடினமாகிவிடுகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் மார்மன் குடும்பங்கள் பல இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்திருக்கின்றன. அந்நாட்டு மக்களில் அவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேரே. ஆயினும் 'அமெரிக்கன் ஐடல்' என்னும் பாட்டுப் போட்டி 2002 ஆம் ஆண்டு தொடங்கிய பின்னர், அத்தகைய மேடைகளில் அவர்களுடைய பிள்ளைகள் மீண்டும் மீண்டும் தென்பட்டு வந்துள்ளனர். அவர்களுள் சிலர் வென்றனர், பலர் தோற்றனர். வெற்றி தோல்வியைக் காட்டிலும், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் வளர்ந்த ஒரு பிள்ளையைப் புகழ் என்ன செய்கிறது, அப்பிள்ளையைச் சூழ்ந்த சமூகம் என்ன செய்கிறது என்பதே நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. இசை பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆராய்வது இக்கட்டுரையின் பொருளன்று. பிள்ளை வளர்ப்பே இதன் பொருள்.

யார் இந்த மார்மன்கள்?

1830 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் ஒரு புதிய திருச்சபையை நிறுவினார். அவர் வெளியிட்ட 'மார்மன் நூல்' என்னும் வேதத்தின் பெயராலேயே அவருடைய வழியினர் மார்மன்கள் என அழைக்கப்படலாயினர். 2018 ஆம் ஆண்டு முதல், அப்பெயரைத் தவிர்த்துத் திருச்சபையின் முழுப்பெயரையே வழங்குமாறு அதன் தலைமை கேட்டு வருகிறது. எனினும் உலக வழக்கில் பழைய பெயரே நிலைத்துவிட்டமையால் இங்கும் அதனையே ஆள்கிறோம்.

ஜோசப் ஸ்மித்தை அவர்கள் தீர்க்கதரிசி என நம்புகின்றனர். இறுதி நபியோடு நபித்துவம் முத்திரையிடப்பட்டுவிட்டது என்று உறுதி கொண்ட நமக்கும் அவர்களுக்கும் கொள்கையளவில் உள்ள தூரம் மிகப் பெரிது. ஏனைய கிறிஸ்தவச் சபைகளுள் பலவும் அவர்களைத் தம்முள் சேர்ப்பதில்லை. தொடக்க காலத்தில் ஊர் ஊராக விரட்டப்பட்ட அவர்கள், 1847 ஆம் ஆண்டு பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் மேற்கே நெடும்பயணம் மேற்கொண்டு, இன்று யூட்டா மாநிலமாக விளங்கும் வறண்ட பள்ளத்தாக்கை அடைந்தனர். அங்கே அவர்கள் எழுப்பிய சால்ட் லேக் சிட்டியே இன்றும் அவர்களுடைய தலைமையிடம். 2024 ஆம் ஆண்டு இறுதியில் உலகெங்கும் தம் உறுப்பினர் 1 கோடியே 75 லட்சம் பேர் என்று திருச்சபை கணக்குக் காட்டியது.

கொள்கை வேறாயினும் அவர்களுடைய இல்லற ஒழுங்குகள் சில நம் கருத்தைக் கவர்வன. மது, புகையிலை மட்டுமன்றித் தேநீரும் காப்பியும்கூட அவர்களுக்கு விலக்கப்பட்டவை. வருவாயில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குச் செலுத்துகின்றனர். மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு வேளை உணவைத் துறந்து நோன்பிருந்து, அவ்வுணவுக்கான செலவை ஏழைகளுக்கு அளிக்கின்றனர். திங்கட்கிழமை இரவைக் குடும்பத்திற்கென ஒதுக்கிப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து வேதம் படிப்பதும் உரையாடுவதும் நெடுநாளைய வழக்கம். இளைஞர்கள் இரண்டாண்டுகள் தம் படிப்பையும் வேலையையும் நிறுத்தி வைத்துவிட்டு, தம் சொந்தச் செலவில் சமயப் பரப்புரைக்குச் செல்கின்றனர். பெண்கள் விரும்பினால் பதினெட்டு மாதங்கள் செல்லலாம்.

பாட்டு வீட்டுக்குள் வந்த வழி

இத்தனை கட்டுப்பாடுள்ள சமூகத்தில் இத்தனை பாடகர்கள் எவ்வாறு தோன்றினர் என்று வியப்பவர்களுக்கு விடை அவர்களுடைய வழிபாட்டிலேயே இருக்கிறது. திருச்சபை தொடங்கிய அதே 1830 ஆம் ஆண்டிலேயே துதிப்பாடல்களைத் தொகுக்கும் பணி ஜோசப் ஸ்மித்தின் மனைவி எம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1835 ஆம் ஆண்டு தேதியிட்டு அத்தொகுப்பு வெளிவந்தது. பாலைவழி நடந்த அவர்களுடைய முன்னோர் பாடிக்கொண்டே நடந்தனர்.

அவர்களுடைய ஞாயிறு வழிபாட்டில் ஊதியம் பெறும் போதகர் இல்லை. சபையோரே முறை வைத்து எழுந்து பேசுகின்றனர். மூன்று வயதிலிருந்தே குழந்தைகளுக்குத் தனி வகுப்பு. அவ்வகுப்பில் பாட்டு இன்றியமையாதது. மாதம் ஒருமுறை, விரும்பும் எவரும் சபை முன் எழுந்து தம் நம்பிக்கையைச் சாட்சியமாகக் கூறலாம். சிறுவர் சிறுமியரும் ஒலிபெருக்கியின் முன் வந்து நிற்பர். கூட்டத்தைக் கண்டு அஞ்சாத நெஞ்சும், பலர் நடுவே குரலெடுத்துப் பாடும் பழக்கமும் இவ்வாறு இளமையிலேயே படிந்துவிடுகின்றன. பல நாட்டு இளைஞர்கள் கட்டணம் செலுத்திக் கற்கும் மேடைப் பயிற்சியை அவர்கள் வழிபாட்டுக் கூடத்திலேயே பெற்றுவிடுகின்றனர்.

ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. வழிபாட்டுக் கூடத்தில் பாடி முடித்தவருக்குக் கைதட்டல் இல்லை. பாடியவர் அமைதியாகத் தம் இருக்கைக்குத் திரும்பிவிடுவார். பாட்டு இறைவனுக்கு, பாடியவர் ஒரு கருவி மட்டுமே என்பது அதன் உட்பொருள். தொலைக்காட்சி மேடையோ இதற்கு நேர் எதிரானது. அங்கே பாட்டு கருவி, பாடுபவரே பொருள்.

ஆஸ்மண்ட் சகோதரர்கள்

போட்டிகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இப்பாதையில் சென்ற ஒரு குடும்பம் உண்டு. யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரைச் சேர்ந்த ஆஸ்மண்ட் தம்பதியருக்கு ஒன்பது பிள்ளைகள். மூத்தவர் இருவரும் செவித்திறன் குறைந்தவர்களாகப் பிறந்தனர். அவர்களுக்குக் காது கேட்கும் கருவி வாங்கவும், பிள்ளைகளின் சமயப் பயணச் செலவுக்குச் சேர்க்கவும் பயன்படுமென்று, அடுத்த நான்கு சிறுவர்களான ஆலன், வேய்ன், மெரில், ஜே ஆகியோர் 1950களின் இறுதியில் ஊர்க்கூட்டங்களில் பாடத் தொடங்கினர். 1962 ஆம் ஆண்டு ஆண்டி வில்லியம்ஸ் என்னும் புகழ்பெற்ற பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. தம்பி டானியும் சிறு வயதிலேயே அவர்களோடு சேர்ந்தார். 1976 ஆம் ஆண்டு முதல் 1979 வரை டானியும் தங்கை மேரியும் நடத்திய நிகழ்ச்சி நாடெங்கும் பார்க்கப்பட்டது.

மது தொடாமல், புகை தொடாமல், புன்னகை மாறாமல் மேடையேறிய அக்குடும்பம் ஒரு தலைமுறை மார்மன் பெற்றோருக்கு நம்பிக்கையூட்டியது. 'நம் பிள்ளைகள் நம் நெறியை இழக்காமலேயே உலகப் புகழ் பெறலாம்' என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. அதே வேளையில் அந்தப் புன்னகைக்கும் ஒரு விலை இருந்தது. மேடையில் அச்சமின்றி வளர்ந்தவராகக் காணப்பட்ட டானி ஆஸ்மண்ட், நடுவயதில் தம்மைக் கடும் மனப்பதற்றம் வாட்டியதைத் தாமே வெளியிட்டார். பிழையே செய்யாத பிள்ளையாக எப்போதும் நிற்க வேண்டியிருந்த சுமையை அவரைப் போன்றோரே அறிவர்.

போட்டி நடக்கும் விதம்

'அமெரிக்கன் ஐடல்' போன்ற நிகழ்ச்சிகளை வெறும் பாட்டுப் போட்டி என்று எண்ணுவது தவறு. பெருநகரங்களில் ஆயிரக்கணக்கில் திரளும் இளைஞர்களை முதலில் தயாரிப்புக் குழுவினர் சலித்தெடுக்கின்றனர். திரையில் நாம் காணும் நடுவர்களின் முன் செல்வோர் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட மிகச் சிலரே. குரலோடு, சொல்லத்தக்க ஒரு கதையும் வேண்டும். வறுமை, நோய், இழப்பு, விந்தையான ஊர், விந்தையான சமயம் என ஏதேனும் ஒன்று இருந்தால் நல்லது. தொடங்கியபோது குறைந்த வயது 16 ஆக இருந்தது. 2011 ஆம் ஆண்டு அது 15 ஆகக் குறைக்கப்பட்டது.

இறுதிக் கட்டங்களில் மக்களே வாக்களித்தனர். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற வரம்பு அந்நாளில் இல்லை. நிகழ்ச்சி முடிந்தபின் குறிப்பிட்ட நேரத்திற்குள் ஒரே ஆள் எத்தனை முறை வேண்டுமானாலும் தொலைபேசியில் அழைக்கலாம். 2008 ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் 9 கோடியே 75 லட்சம் வாக்குகள் பதிவாயின என்று அறிவித்தபோது, அத்தனை கோடி மனிதர்கள் வாக்களித்தனர் என்பது அதன் பொருளன்று. விரல் ஓயாமல் எண்களை அழுத்திய இளம்பெண்களும் சிறுவர்களும் அக்கணக்கில் பெரும்பங்கு வகித்தனர். ஊரும் உறவும் நெருக்கமாகப் பிணைந்த யூட்டா போன்ற ஒரு மாநிலத்தின் பிள்ளைக்கு இம்முறை எவ்வளவு துணை செய்யும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மேடை கேட்கும் விலை

2003 ஆம் ஆண்டு யூட்டாவின் பவுன்டிஃபுல் நகரைச் சேர்ந்த பள்ளி மாணவி கார்மென் ராஸ்முசன் அப்போட்டியில் ஆறாம் இடம் வரை முன்னேறினார். மறு ஆண்டு, ஐடாஹோ மாநிலத்திலிருந்து ஜான் பீட்டர் லூயிஸ் என்னும் இளைஞர் வந்தார். 2008 ஆம் ஆண்டு அரிசோனாவின் புரூக் வைட் என்னும் இளம்பெண் தேர்வுக்கு வந்தபோது, வயது வந்தோர்க்கு மட்டுமெனத் தரம் பிரிக்கப்பட்ட திரைப்படம் எதையும் தாம் பார்த்ததே இல்லை என்று கூறினார். நம் வீடுகளில் அது ஒரு சாதாரணச் செய்தியாக இருக்கலாம். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கோ அது ஒரு வேடிக்கைப் பொருள். அவருடைய ஒழுக்கமே அவரது அடையாளச் சீட்டாகிவிட்டது.

அவர் ஒருநாள் நேரடி ஒளிபரப்பில் பாடத் தொடங்கிச் சொல் மறந்து நிறுத்திவிட்டு, மீண்டும் முதலிலிருந்து பாடினார். மேடையில் நிறுத்தவே கூடாது என்று நடுவர் கடிந்துகொண்டார். தவறியதை மறைக்காமல் திருத்திக்கொள்வது வாழ்வில் நற்குணம். நிகழ்ச்சிக் கலையிலோ அது குறை. இரண்டு உலகங்களின் அளவுகோல்கள் எவ்வளவு வேறானவை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. எனினும் அவ்வாரம் அவர் வெளியேற்றப்படவில்லை. அவ்வாண்டில் ஐந்தாம் இடம் பெற்றார்.

நாட்களின் முரண்பாடும் உண்டு. 2018 ஆம் ஆண்டு வேறொரு தொலைக்காட்சி நிறுவனத்தின் கைக்கு மாறியபின், 'அமெரிக்கன் ஐடல்' பல ஆண்டுகள் ஞாயிறு, திங்கள் இரவுகளில் ஒளிபரப்பாயிற்று. ஞாயிறு மார்மன்களின் ஓய்வுநாள். வேலையும் வணிகமும் கேளிக்கையும் அன்று தவிர்க்கப்பட வேண்டும். திங்கள் குடும்பத்திற்குரிய இரவு. எந்த இரண்டு இரவுகளை ஒரு மார்மன் வீடு இறைவனுக்கும் குடும்பத்திற்கும் ஒதுக்கியிருந்ததோ, அதே இரண்டு இரவுகளைத் தொலைக்காட்சி கேட்டது. எவரும் மதத்தைக் கைவிடச் சொல்லவில்லை. கால அட்டவணை ஒன்றே போதுமானதாக இருந்தது.

துன்பமும் அங்கே காட்சியாகிவிடுகிறது. 2017 ஆம் ஆண்டு 'அமெரிக்காஸ் காட் டேலண்ட்' என்னும் திறன் போட்டியில் அரிசோனாவைச் சேர்ந்த ஈவி கிளேர் என்னும் 13 வயதுச் சிறுமி பாடினாள். அவளுடைய தந்தை புற்றுநோயால் அவதியுற்றிருந்தார். தந்தைக்காகவே பாடுவதாக அவள் கூறினாள். இறுதிச் சுற்றுக்குச் சில நாட்களே இருக்கையில் தந்தை காலமானார். அச்சிறுமி அதன் பின்னரும் மேடையேறிப் பாடினாள். அவளது மன உறுதியைப் பாராட்டாதவர் இருக்க முடியாது. மறுமையில் குடும்பம் மீண்டும் ஒன்றுசேரும் என்னும் அவர்களுடைய நம்பிக்கை அவளைத் தாங்கியிருக்கும். ஆயினும் தந்தையை இழந்த ஒரு குழந்தையின் துக்க நாட்கள் கோடிக்கணக்கானோர் பார்க்கும் கேளிக்கையின் ஒரு பகுதியாக அமைந்ததை எண்ணும்போது உள்ளம் கலங்குகிறது.

தோல்வியால் கெடாதவர்களும் உள்ளனர். அதே போட்டியில் 2010 ஆம் ஆண்டு வயலின் வாசித்துக்கொண்டே ஆடிய லிண்ட்சி ஸ்டர்லிங் காலிறுதிச் சுற்றில் வெளியேற்றப்பட்டார். பெரிய அரங்கத்தை நிரப்ப இது போதாது என்னும் பொருள்பட நடுவர் கூறினார். ஏற்கெனவே நியூயார்க் நகரில் சமயப் பணியாற்றித் திரும்பியிருந்த அவர், வீடு திரும்பித் தாமே காணொளிகளைத் தயாரித்து இணையத்தில் வெளியிட்டார். உடலை மூடிய உடையிலேயே மேடையேறுவது என்பதைத் தொடக்க ஆண்டுகளில் தம் கொள்கையாகச் சொல்லி வந்தார். 2014 ஆம் ஆண்டு அவருடைய இசைத்தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பெற்றது. நடுவரின் சொல்லும் வாக்கின் எண்ணிக்கையும் ஒருவருடைய தகுதிக்கு இறுதித் தீர்ப்பல்ல என்பதை அவர் மெய்ப்பித்தார்.

டேவிட் ஆர்ச்சுலெட்டா

இவர்கள் அனைவரிலும் பெரும்புகழ் பெற்றவர் டேவிட் ஆர்ச்சுலெட்டா. 1990 ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்து, யூட்டாவின் மர்ரி நகரில் வளர்ந்தவர். தந்தை இசைக்கலைஞர், தாய் ஹோண்டுராஸ் நாட்டினர். சிறுவனாக இருந்தபோதே 'ஸ்டார் சர்ச்' என்னும் தொலைக்காட்சிப் போட்டியில் இளையோர் பிரிவில் வென்றார். அதன்பின் குரல்நாண்களில் ஒன்று செயலிழந்திருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தனர். இனிப் பாட முடியுமா என்னும் ஐயத்தோடு சில ஆண்டுகள் கழிந்தன. பயிற்சியால் ஓரளவு மீண்டு, 17 ஆம் வயதில் 'அமெரிக்கன் ஐடல்' மேடைக்கு வந்தார்.

நாணம் நிறைந்த முகமும் தூய குரலும் நாட்டைக் கவர்ந்தன. அவரது ஒவ்வொரு அசைவிலும் மதத்தைத் தேடுவோரும் பெருகினர். ஜான் லெனனின் 'இமாஜின்' என்னும் பாடலை அவர் பாடியபோது, மறுமையை மறுக்கும் கருத்தமைந்த முதற்பகுதியை விட்டுவிட்டுப் பிற்பகுதியைப் பாடினார். அப்பகுதியின் செய்தியே தமக்குப் பிடித்தது என்பது அவர் சொன்ன காரணம். சமயமே காரணம் என்று பிறர் எழுதினர். ஒரு சிறுவன் எந்த அடியைப் பாடினான் என்பதும் ஒரு சமூகத்தின் செய்தியாகிவிட்டது. அதே நாட்களில், மகனுடைய பாட்டில் தலையிட்டதற்காக அவருடைய தந்தையை ஒத்திகை இடத்திற்கு வர வேண்டாமென்று தயாரிப்பாளர்கள் தடுத்த செய்தியும் நாளேடுகளில் வந்தது.

2008 மே 21 அன்று முடிவு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வாக்கு வேறுபாட்டில் டேவிட் குக் என்பவர் வென்றார், ஆர்ச்சுலெட்டா இரண்டாமவரானார். ஆயினும் அவ்வாண்டே வெளிவந்த அவரது முதற்பாடலும் முதல் தொகுப்பும் நாட்டின் விற்பனைப் பட்டியல்களில் இரண்டாம் இடத்திலேயே அறிமுகமாயின. இனிப் புகழ் ஏறுமுகம் என்றே அனைவரும் எண்ணினர். எனினும் 2011 ஆம் ஆண்டு பெரிய இசை நிறுவனத்தோடு இருந்த தொடர்பு அறுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த கச்சேரியில், இசையை நிறுத்திவிட்டு இரண்டாண்டுகள் சமயப் பணிக்குச் செல்வதாகக் கண்ணீர் மல்க அறிவித்தார்.

2012 மார்ச்சு முதல் 2014 மார்ச்சு வரை தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் அவர் பணியாற்றினார். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, மார்பில் ஒரு பெயர்ச்சீட்டு. அதிலும் முதற்பெயர் இல்லை. எந்நேரமும் உடன் ஒரு துணைவர். அந்நாளைய விதிப்படி ஆண்டுக்கு இருமுறையே வீட்டாரோடு தொலைபேசியில் பேசலாம். இலட்சக்கணக்கானோர் கூவி அழைத்த பெயரை மறந்து வீடு வீடாகக் கதவு தட்டிய அவ்விளைஞரைப் பற்றி அவருடைய சமூகம் பெருமிதம் கொண்டது. 'புகழைத் துறந்து இறைவனைத் தேர்ந்தவர்' என்று பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அவரை எடுத்துக்காட்டினர்.

கதை அத்துடன் முடியவில்லை. அதனைப் பாதியில் நிறுத்துவது நேர்மையாகாது. தம்முடைய பாலியல் நாட்டம் தம் சமயம் வகுத்த நெறியோடு பொருந்தாதது என்பதை 2021 ஜூன் மாதம் அவர் வெளிப்படையாக அறிவித்தார். இதனை மாற்றித் தருமாறு பல்லாண்டுகளாக இறைவனிடம் மன்றாடி வந்ததையும், தம்மைப் போன்ற நம்பிக்கையாளர்களிடம் பரிவு காட்டுமாறும் அவர் கூறினார். 2022 ஆம் ஆண்டு திருச்சபையினின்று விலகினார். பின்னர் அவருடைய தாயும் மகனோடு நிற்பதாகச் சொல்லி விலகினார். அதையே பொருளாகக் கொண்ட ஒரு பாடலை அவர் 2024 ஆம் ஆண்டு வெளியிட்டார்.

பிள்ளை கொடியல்ல

இச்செய்தி கேட்ட மார்மன் குடும்பங்களில் பலர் அதிர்ந்தனர், பலர் வருந்தினர், சிலர் ஏசினர். அவர் எடுத்த முடிவு சரியா என்பதில் மார்க்கப் பற்றுள்ளவர்களுக்குத் தெளிவான கருத்து இருக்கும். அதனை இங்கே விவாதிக்க வேண்டியதில்லை. நாம் சிந்திக்க வேண்டியது வேறொன்று. 17 வயதுப் பையன் ஒருவனைச் சமூகம் முழுவதும் தன் கொடியாக உயர்த்திப் பிடித்தது. கொடிக்கு உள்ளம் இல்லை, ஐயம் இல்லை, அழுகை இல்லை. பையனுக்கோ எல்லாம் இருந்தன. உள்ளே நடந்த போராட்டத்தை யாரிடமும் சொல்ல இயலாதவாறு அவனைச் சுற்றிக் கைதட்டல் எழும்பிக்கொண்டே இருந்தது. தொலைக்காட்சி அவனைச் சரக்காக்கியது என்று குறை கூறுவது எளிது. அவனுடைய ஊரும் அவனைச் சின்னமாக்கியது என்பதை ஒப்புக்கொள்வது கடினம்.

புகழ் பெற்ற பிள்ளை ஒருவன் நம் சமூகத்தில் தோன்றினால் நாமும் இதனையே செய்கிறோம். விளையாட்டில் ஒருவன் வென்றால், தேர்வில் ஒருத்தி முதலிடம் பெற்றால், 'பாருங்கள், எங்கள் பிள்ளை' என்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் அப்பிள்ளை ஒருநாள் சறுக்கினால் 'எங்கள் பெயரைக் கெடுத்தாய்' என்று சொல்லும் உரிமையையும் அன்றே எடுத்துக்கொண்டு விடுகிறோம். அதுவே ஆபத்து. ஊரின் மானத்தைச் சுமக்கும் பிள்ளை தன் தடுமாற்றத்தைத் தாயிடம்கூடச் சொல்லத் துணியாது. சொல்லப்படாத தடுமாற்றத்திற்கு எவரும் வழிகாட்ட இயலாது.

பெயரில்லாப் பாடகர்கள்

மார்மன்களிடமே இதற்கு மாற்றான ஒரு பாதையும் இருக்கிறது. சால்ட் லேக் சிட்டியில் உள்ள அவர்களுடைய பெரும் பாடகர் குழுவில் ஏறத்தாழ 360 ஆண்களும் பெண்களும் பாடுகின்றனர். ஆசிரியர், மருத்துவர், இல்லத்தரசி, வணிகர் எனப் பலதரத்தினர். ஒருவருக்கும் ஊதியம் இல்லை. 1929 ஜூலை முதல் வாரந்தோறும் அக்குழுவின் பாட்டு வானொலியில் ஒலித்து வருகிறது. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதில் இடமில்லை. இருபதாண்டுகள் பாடிவிட்டாலோ, அறுபது வயதை எட்டிவிட்டாலோ விடைபெற வேண்டும். வாரந்தோறும் இலட்சக்கணக்கானோர் கேட்கும் அக்குரல்களில் எது யாருடையது என்று எவருக்கும் தெரியாது.

2010 டிசம்பரில் அக்குழுவின் கச்சேரியில் ஆர்ச்சுலெட்டா விருந்தினராகப் பாடினார். அவர் ஒருவருக்குப் பின்னால், பெயர் அறியப்படாத நூற்றுக்கணக்கானோர் நின்றனர். திறன் அவர்களுக்கும் இருந்தது. பாடும் மகிழ்ச்சியும் இருந்தது. அடுத்த வாரம் தம்மை யார் வெளியேற்றுவரோ என்னும் அச்சம் மட்டும் அவர்களுக்கு இல்லை. முதிர்ந்த வயதில் சேர்ந்து, பலரோடு கூடி, கூலியின்றிப் பாடி, காலம் முடிந்ததும் எழுந்து செல்லும் அவ்வழக்கத்தில் நாம் கற்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

பெற்றோர் தமக்குள் கேட்க வேண்டியவை

பாட்டுக்கு மட்டுமன்று, பேச்சு, விளையாட்டு, கல்வி, இன்றைய கைப்பேசிக் காணொளி வரை பிள்ளையைப் பலர் முன் நிறுத்தும் எதற்கும் சில கேள்விகள் பொருந்தும். இந்த ஆசை பிள்ளையுடையதா, நம்முடையதா? எவற்றைச் செய்வதில்லை என்பதை மேடை ஏறுவதற்கு முன்பே பிள்ளையோடு அமர்ந்து பேசி முடிவு செய்தோமா? ஏறியபின் பேசலாம் என்றால் அங்கே பேசுவது ஒப்பந்தமும் கால அட்டவணையுமே. வயது போதுமா, பத்தாண்டு கழித்துப் பாடினால் என்ன குறைந்துவிடும்? தோற்றுத் திரும்பும் நாளில் வீட்டில் அதே சோறு, அதே முகம், அதே அன்பு காத்திருக்குமா?

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு கேள்வி உண்டு. நம் பிள்ளை தன் மனத்தின் இருளை நம்மிடம் கொண்டுவந்தால், அதனைக் கேட்கும் பொறுமை நமக்கு இருக்கிறதா? சட்டம் சொல்வதற்கு முன் கேட்பதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குவோமா?

குரல் ஓர் அமானிதம். பிள்ளை அதனினும் பெரிய அமானிதம். அமானிதத்தை ஒப்படைத்தவன் கணக்குக் கேட்கும்போது, எத்தனை பேர் கைதட்டினர் என்று கேட்க மாட்டான். அதனை எவ்வாறு காத்தாய் என்றே கேட்பான். பிள்ளைகளின் பரிசுக் கோப்பைகளை அலமாரியில் அடுக்கி வைக்கும் பெற்றோர், அவர்களோடு பேசுவதற்கென்று வாரத்தில் ஓர் இரவையேனும் ஒதுக்கி வைப்பார்களாக.